ஒரே அலை, இரண்டு கரை: கோவளமும் அறுகம்குடாவும்

சென்னைக்குத் தெற்கே உள்ள கோவளத்திலிருந்து வரைபடத்தில் நேர் தெற்காக ஒரு கோடு இழுத்துப் பாருங்கள். அது வங்கக்கடலைக் கடந்து பருத்தித்துறைக்கு அருகே கரையேறும். இலங்கைத் தீவை நெடுக அறுத்துக்கொண்டு போய்க் காலிக்கு அருகே மறுபடியும் கடலில் இறங்கும். அப்படியே இலங்கையின் கிழக்குக் கரையில் இருக்கும் அறுகம்குடாவிலிருந்தும் தெற்கே ஒரு கோடு இழுங்கள். அது அண்டார்டிகா வரை எந்த நிலத்தையும் தொடாது. அலைச்சறுக்குக்காக விடுமுறை எடுத்து, இந்த இரண்டு கரைகளில் எதற்குப் போவது என்று யோசிக்கிறவர் அறை வாடகையையும் விடுதிப் படங்களையும் பார்ப்பதற்கு முன்னால் இந்த இரண்டு கோடுகளைப் பார்த்துவிடுவது நல்லது. இரு கரைகளுக்கும் உள்ள வேற்றுமையின் பெரும்பகுதி அங்கேயே இருக்கிறது. வியப்பு என்னவென்றால், அவற்றின் உறவும் அங்கேயேதான் இருக்கிறது.

இரண்டையும் ஒன்றாக வைத்துப் பேசுவதே பலருக்கு விந்தையாகப் படும். கோவளம் மாநகரப் பேருந்தில் போய் இறங்கக்கூடிய ஊர். அறுகம்குடாவுக்குக் கொழும்பிலிருந்து ஏழெட்டு மணி நேரச் சாலைப் பயணம். மொனராகலை தாண்டி, லாகுகலையின் யானைக் காட்டை ஒட்டிப் போய்ப் பொத்துவிலை அடைய வேண்டும். கோவளத்தில் சனிக்கிழமை காலை போர்டைக் கையில் எடுப்பவர்களில் பெரும்பாலோர் வாழ்க்கையில் முதல் முறையாக எடுப்பவர்கள். அறுகம்குடாவுக்கோ 1970-கள் தொட்டே உலகின் பல மூலைகளிலிருந்து தேர்ந்த ஆட்டக்காரர்கள் வந்துபோகிறார்கள். ஒன்று பழகும் இடம், மற்றது தேறியவர்கள் போகும் இடம் என்று இதை முடித்துவிடுகிறார்கள். இதில் உண்மை உண்டு. ஆனால் இப்படி முடித்துவிட்டால், ஏன் அப்படி ஆயிற்று என்ற சுவையான கேள்வி கைநழுவிப் போகிறது.

அந்தக் கேள்விக்கு அலையிலிருந்து விடை தேடுவோம். இரு கரைகளிலும் சறுக்கத் தகுந்த நல்ல அலை உள்ளூர்க் காற்றில் பிறப்பதில்லை. அது தென்னிந்தியப் பெருங்கடலில், தென் அட்சம் 40 பாகைக்கும் கீழே, ஓயாமல் வீசும் மேற்குக் காற்றின் புயல்களில் பிறக்கிறது. அங்கிருந்து புறப்படும் நெட்டலைகளில் ஒரு முகட்டுக்கும் அடுத்த முகட்டுக்கும் இடையே 14 விநாடி என்று வைத்துக்கொண்டால், ஆழ்கடலில் அந்த அலைக்கூட்டம் மணிக்குச் சுமார் 39 கிலோமீட்டர் வேகத்தில் நகரும். இலங்கையின் தென்கிழக்கு முனையை எட்ட அதற்கு ஆறு நாள் அளவில் ஆகும். அறுகம்குடாவிலிருந்து கோவளம் நேர்த்தொலைவில் ஏறத்தாழ 680 கிலோமீட்டர். அதே வேகத்தில் போனால் இன்னும் பதினேழு, பதினெட்டு மணி நேரம். அதாவது, சனிக்கிழமை காலையில் அறுகம்குடாவில் உடைகிற அலையின் உடன்பிறப்புகள் ஞாயிற்றுக்கிழமை விடியலுக்கு முன்பே கோவளத்தைத் தொட்டுவிடும். இரண்டு நாட்டில், இரண்டு விடுதியில் தங்கியிருக்கும் இருவர் ஒரு நாள் இடைவெளியில் ஒரே புயலின் மீது சறுக்கிக்கொண்டிருக்க முடியும். இதை முதன்முதலாகக் கணக்குப் போட்டுப் பார்த்தபோது எனக்குப் பெரிய மகிழ்ச்சியாக இருந்தது.

ஆனால் இரண்டு கரைக்கும் அந்த அலை ஒரே வலிமையோடு வந்து சேர்வதில்லை. அறுகம்குடா தீவின் தென்கிழக்குத் தோளில் இருக்கிறது. தெற்கிலிருந்து வருவதைத் தடுக்க முன்னால் எதுவும் இல்லை. கோவளத்துக்கு முன்னால், தெற்குத் திசையை மறைத்துக்கொண்டு, பருத்தித்துறை முதல் காலி வரை ஒரு தீவே நிற்கிறது. நேர் தெற்கிலிருந்தும் தென்மேற்கிலிருந்தும் வரும் அலையின் பெரும்பங்கு இலங்கையின் கரைகளிலேயே உடைந்து தீர்ந்துவிடுகிறது. தீவின் கிழக்கு விளிம்பைச் சுற்றித் திரும்பி வருவதும், தென்கிழக்குப் பக்கமாகத் தப்பி வருவதும் மட்டுமே கோவளத்துக்குக் கிடைக்கும். போதாக்குறைக்கு, அறுகம்குடாவுக்கு வெளியே கண்டத்திட்டு குறுகலானது, கடல் சீக்கிரமே ஆழ்ந்துவிடும்; சென்னைக் கரைக்கு வெளியே திட்டு அகலமானது. 14 விநாடி அலை 150 மீட்டர் ஆழத்திலேயே கடலடியை உணரத் தொடங்கிவிடும் என்பதால், அகலமான திட்டின் மேல் வருகிற அலை கரை சேர்வதற்குள் தன் வலுவில் ஒரு பகுதியை உராய்விலேயே இழந்துவிடுகிறது.

ஆக, கோவளத்து அலை சாதுவாக இருப்பதற்கு ஒரு முக்கியக் காரணம் இலங்கைதான். அறுகம்குடாவைப் புகழ்பெற வைத்த அதே தீவு, தன் நிழலில் கோவளத்தை ஒரு பள்ளிக்கூடமாக ஆக்கி வைத்திருக்கிறது. இரண்டில் ஒன்றைத் தேர்வது என்று நாம் நினைப்பது, உண்மையில் ஒரே அலையை வெளிச்சத்தில் எடுப்பதா நிழலில் எடுப்பதா என்று தேர்வதுதான்.

இன்னொரு ஒற்றுமை உண்டு. வரைபடத்தைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தால்தான் அது கண்ணில் படும். இரு கரைகளும் கிழக்கு நோக்கியவை. இரண்டுக்கும் அலை வருவதோ தெற்கிலிருந்து. எனவே எந்தக் கரையிலும் அலை நேருக்கு நேர் வந்து மோதுவதில்லை. பாறை முனையைச் சுற்றி வளைந்து, தெற்கு ஓரத்தில் உடையத் தொடங்கி, அந்த உடைப்பு வடக்கு நோக்கி ஓடுகிறது. கடலிலிருந்து கரையைப் பார்த்தபடி போர்டில் எழுகிறவருக்கு வடக்கு வலக்கைப் பக்கம். ஆகவே அறுகம்குடாவின் மெயின் பாயிண்டும், வடக்கே விஸ்கி பாயிண்டும், பொத்துவில் பாயிண்டும், தெற்கே பீனட் ஃபார்மும், உகந்தையும் எல்லாமே ‘ரைட்’. கோவளத்துப் பாயிண்டும் ரைட். மாமல்லபுரம் கடற்கரைக் கோயிலருகே உடைவதும் ரைட். தூத்துக்குடி மாவட்டத்து மணப்பாட்டில் சிலுவைக் கோயில் நிற்கும் குன்றை ஒட்டி உடைவதும் ரைட்தான். கரையோரமாக மணல் நகர்வதும் தென்மேற்குப் பருவத்தில் அதே வடதிசையில்தான். அலை தானே மணலைக் கொண்டுபோய்த் தான் உடைவதற்கான மேட்டையும் கட்டிக்கொள்கிறது.

இது வெறும் நிலவியல் அழகு அல்ல, பயணம் போகிறவருக்கு நேரடியாகப் பயன்படும் செய்தி. இடக்காலை முன்வைத்து நிற்பவர் வலப்பக்கம் ஓடும்போது அலையின் முகத்தைப் பார்த்தபடி ஓடுவார். வலக்காலை முன்வைப்பவர் அலைக்கு முதுகு காட்டிக்கொண்டு ஓட வேண்டும். முதல் வகையினருக்கு இரு கரைகளும் விருந்து. இரண்டாம் வகையினருக்கு இரண்டுமே சற்றுக் கடினம். ஆனால் கோவளத்தில் பாயிண்டை விட்டு விலகி மணற்கரைப் பக்கம் போனால் இருபுறமும் உடையும் சிறிய அலைகள் கிடைக்கும். அறுகம்குடாவில், குறிப்பாக ஆள் நிறைந்த மெயின் பாயிண்டில், அந்தச் சலுகை அரிது.

அலைக்கு அடுத்தது காற்று. இங்கே ஒற்றுமை இன்னும் நெருக்கமானது. தமிழ்நாட்டுக்கு மேற்கே மேற்குத் தொடர்ச்சி மலை; அறுகம்குடாவுக்கு மேற்கே இலங்கையின் மத்திய மலைநாடு. தென்மேற்குப் பருவக்காற்று தன் மழையை மலைகளின் மேற்குச் சரிவிலேயே கொட்டிவிட்டு, வறண்டு, சூடாகி, கிழக்கே இறங்குகிறது. கச்சான் காற்று என்று மீனவர்கள் சொல்வது அதைத்தான். அது நிலத்திலிருந்து கடலுக்கு வீசுகிற காற்று. எதிரே வரும் அலையின் முகத்தைத் தடவி, அது சரிந்து உடைவதைச் சில கணங்கள் தள்ளிப்போட்டு, பரப்பை வழவழப்பாக்கிவிடும். தென் கடலில் குளிர்காலம், புயல்கள் உச்சத்தில் இருக்கும் மாதங்கள். இங்கே அதே மாதங்களில் விடியற்காலைகளில் கச்சான். அலையும் காற்றும் இப்படி ஒத்துப்போவது இரு கரைகளுக்கும் வாய்த்த நற்பேறு. இரண்டிலும் பகல் ஏற ஏறக் கடற்காற்று எழுந்து பரப்பைக் கலைத்துவிடும். ஆகவே இரண்டிலும் ஐந்தரை மணிக்கு எழ வேண்டும். அதில் எந்தக் கரையும் சலுகை தராது.

வாடை தொடங்கினால் இரண்டும் ஒன்றாகவே கெடுகின்றன. அக்டோபர் கடைசியிலிருந்து டிசம்பர் வரை காற்று கடலிலிருந்து கரைக்கு அடிக்கும். மழையும் புயலும் அதே மாதங்களில். அறுகம்குடாவில் பல விடுதிகள் கதவை மூடிவிடும். கோவளத்தில் பள்ளிகள் முழுக்க மூடுவதில்லை, ஆனால் கடல் அடிக்கடி கலங்கும். டிசம்பர், ஜனவரியில்தான் விடுப்பு கிடைக்கும் என்பவருக்கு நேர்மையான பதில், இரண்டையும் விட்டுவிட்டு இலங்கையின் தென்கரை வெலிகமவுக்கோ கேரளத்தின் வர்க்கலைக்கோ போங்கள் என்பதுதான்.

கூட்டத்தில் மட்டும் இரு கரைகளும் வேறு வேறு கடிகாரத்தில் ஓடுகின்றன. கோவளத்தின் கூட்டம் கிழமையைப் பொறுத்தது: சனி, ஞாயிறு காலைகளில் கிழக்குக் கடற்கரைச் சாலையே கோவளத்தில் இறங்கிவிட்டது போலிருக்கும்; செவ்வாய், புதன் காலைகளில் அதே நீரில் ஒரு சிலர்தான். அறுகம்குடாவின் கூட்டம் மாதத்தைப் பொறுத்தது: ஜூலை, ஆகஸ்டில் மெயின் பாயிண்டில் இடம் பிடிப்பதே பெரும்பாடு, மே மாதத்திலும் செப்டம்பர் பின்பாதியிலும் மூச்சுவிட இடம் இருக்கும். கோவளத்தில் ஏழு நாளும் வருமானம் இல்லாத குறை. அறுகம்குடாவில் ஆறேழு மாத வருமானத்தில் ஆண்டு முழுவதையும் ஓட்ட வேண்டிய குறை. வார நாளில் கோவளத்துக்குப் போகிறவரும் பருவத்தின் ஓரங்களில் அறுகம்குடாவுக்குப் போகிறவரும் தமக்கும் நன்மை செய்துகொள்கிறார்கள், ஊருக்கும் செய்கிறார்கள்.

கூட்டம் வெறும் வசதிக்குறைவு மட்டும் அல்ல. அலை முதலில் உடையும் இடத்துக்கு மிக அருகில் இருப்பவருக்கே அந்த அலை உரியது, மற்றவர் அதில் குறுக்கே இறங்கக் கூடாது என்பது உலகெங்கும் உள்ள வழக்கம். மெயின் பாயிண்ட் போன்ற இடத்தில் இதை மீறினால் போர்டு உடையலாம், ஆளுக்கும் அடிபடலாம். அங்கே கீழே பாறையும் திட்டும். முள்ளெலி போன்ற கடல்முள்ளிகளும் உண்டு, கால் வைத்து நிற்க முடியாது. கோவளத்தில் பாயிண்டின் பாறைகளைத் தவிர்த்தால் காலடியில் மணல். இடுப்பளவு நீரில் பயிற்றுநர் போர்டைப் பிடித்துத் தள்ளிவிட முடியும். புதியவர் விழுவதற்கென்றே அமைந்த இடம் அது. போர்டில் எழுந்து நிற்பதை உடல் பழகிக்கொள்ளும் வரை, ஒருவர் விழும் எண்ணிக்கைதான் அவர் கற்கும் வேகம். விழ அஞ்ச வேண்டாத கடலடி கிடைத்தால் கற்றல் விரைவாகும்.

ஆனாலும் அறுகம்குடா புதியவரை ஒதுக்குகிறது என்பது சரியல்ல. குடாவின் உட்புறத்தில் பேபி பாயிண்ட் இருக்கிறது; சிறிய அலை நாட்களில் விஸ்கி பாயிண்டும் தாராளமானது. கூரையில் போர்டுகளைக் கட்டிய ஆட்டோக்கள் அதிகாலையிலேயே ஆளுக்குத் தகுந்த அலை தேடி வடக்கேயும் தெற்கேயும் ஓடிக்கொண்டிருக்கும். அதேபோல, கோவளம் தேர்ந்தவருக்கு எதுவும் தராது என்பதும் தவறு. தென்கிழக்குச் சாய்வுடன் ஒரு நெட்டலை வந்து சேரும் நாளில் கோவளத்து முனையிலும் மாமல்லபுரத்திலும் உள்ளூர்க்காரர்கள் எடுக்கும் ஓட்டங்கள் எந்தக் கரைக்கும் சளைத்தவை அல்ல. வேறுபாடு இதுதான்: பொத்துவில் பாயிண்டில் நல்ல நாளில் சில நூறு மீட்டர் ஓடலாம், அது பருவத்தில் வழக்கமாகவே கிடைக்கும், கோவளத்தில் ஓட்டம் குறுகியது, பெரிய நாளுக்குக் காத்திருக்க வேண்டும்.

இனி மனிதர்கள். இந்த இடத்தில்தான் ஒப்பீடு எனக்கு மிகவும் பிடித்ததாகிறது. மதராசுக்குத் துறைமுகம் இல்லாத காலத்தில், கப்பலிலிருந்து ஆளையும் சரக்கையும் உடையும் அலைகளின் ஊடே கரைசேர்த்தவர்கள் மசூலாப் படகோட்டிகளும் கட்டுமரக்காரர்களும். அலை எப்போது எழும், எந்த அலையை விட்டு எந்த அலையில் ஏற வேண்டும் என்ற அறிவு இந்தக் கரைக்குப் புதிதல்ல. போர்டு மட்டும்தான் புதிது. கோவளத்தில் மீனவரான மூர்த்தி மேகவன் 2012-ல் தொடங்கக் காரணமாக இருந்த கோவளம் பாயிண்ட் சோஷியல் சர்ஃப் ஸ்கூல், ஊர்ப் பிள்ளைகளைத் தண்ணீருக்குக் கொண்டுவந்தது. குடியும் புகையும் கூடாது என்பது அங்கே நிபந்தனை. அடுத்த ஆண்டே ஊரில் அலைச்சறுக்குத் திருவிழா நடந்தது. இன்று கற்றுக்கொடுப்பவர்களில் பலர் மீனவக் குடும்பத்துப் பிள்ளைகள்.

அறுகம்குடாவில் வரிசை மாறிப் போயிற்று. அங்கே வெளிநாட்டவர் முதலில் வந்தார்கள். அவர்கள் விட்டுச்சென்ற போர்டுகளில் ஊர்ப் பையன்கள் பழகினார்கள். பிறகு அவர்களே ஆசிரியர்கள் ஆனார்கள். பாதை வேறு, வந்து சேர்ந்த இடம் ஒன்று: இரு கரைகளிலும் இன்று அலையைப் படித்துச் சொல்கிறவர் கடலோரத்து வீட்டுக்காரர். பெண்கள் விஷயத்திலும் இரண்டு கரைகளும் ஏறத்தாழ ஒரே காலத்தில் விழித்தன. 2018-ல் அறுகம்குடாவில் இலங்கையின் முதல் பெண்கள் அலைச்சறுக்குச் சங்கம் தொடங்கியது. ஸ்கேட்போர்டு ஓட்டும் மாமல்லபுரத்துச் சிறுமி கமலி மூர்த்தியையும் அவர் தாயையும் பற்றிய ‘கமலி’ என்ற குறும்படம் 2020-ல் பாஃப்டா விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டது. பெண் கடலில் இறங்குவதா என்ற கேள்வி இரண்டு ஊரிலும் ஒரே தமிழில் கேட்கப்பட்டது; இரண்டு ஊரிலும் பதில் தண்ணீரிலேயே சொல்லப்பட்டது.

2004 டிசம்பர் 26-ஐ இரு கரைகளும் மறக்கவில்லை. ஆழிப்பேரலை அறுகம்குடாவை ஏறக்குறைய துடைத்தெடுத்தது. கோவளத்திலும் வீடுகளையும் படகுகளையும் வாரிக்கொண்டு போனது. அதற்குப் பிறகு நடந்ததில் உள்ள ஒற்றுமை இன்னும் கவனிக்கத்தக்கது. இலங்கை அரசு வடக்கு, கிழக்குக் கரைகளில் 200 மீட்டருக்குள் வீடு கட்டத் தடை விதித்தது. தமிழ்நாட்டிலும் 2005-ல் கரையிலிருந்து 200 மீட்டருக்குள் இருந்த மீனவர்களுக்கு உள்ளே தள்ளி வீடு தருவதாக அரசாணை வந்தது. இரு கரைகளிலும் மீனவர்கள் ஒரே ஐயத்தை எழுப்பினார்கள்: நாங்கள் விலகிய மண்ணில் நாளை விடுதி எழுமா? அறுகம்குடாவில் அந்தப் போராட்டம் உலகின் காதுக்கு எட்டியது. நவோமி கிளைன் 2007-ல் எழுதிய ‘தி ஷாக் டாக்ட்ரின்’ நூலில் அதற்கு இடம் உண்டு. இலங்கையின் தடை பின்னர் தளர்த்தப்பட்டது. விடுமுறைக்கு இடம் தேடுகிறவர் இதையெல்லாம் அறிய வேண்டுமா என்று கேட்கலாம். அறிந்திருந்தால், யார் நடத்தும் விடுதியில் தங்குகிறோம், யாரிடம் கற்கிறோம் என்பதைப் பார்த்துத் தேர்வோம். அந்தத் தேர்வு இரு கரைகளிலும் பொருளுள்ளது.

போட்டிகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். உலக அலைச்சறுக்கு லீக்கின் தகுதிச் சுற்று 2019 செப்டம்பரில் அறுகம்குடாவில் நடந்தது. 2023 ஆகஸ்டில் மாமல்லபுரத்தில் நடந்தது. 2025 ஆகஸ்டில் ஆசிய அலைச்சறுக்குச் சாம்பியன்ஷிப்பும் மாமல்லபுரத்துக்கு வந்தது. இந்தியாவின் ரமேஷ் புதிஹால் அதில் வெண்கலம் வென்றார். போட்டி நடத்துகிறவர்கள் இரண்டு கரைக்கும் அதே கச்சான் மாதங்களைத் தேர்ந்திருப்பதைக் கவனியுங்கள்.

அலை இல்லாத பொழுதுகளிலும் இணைகள் தொடர்கின்றன. மாமல்லபுரத்தில் பல்லவர் கோயிலருகே ஓர் அலை. உகந்தையில் முருகன் கோயிலருகே ஓர் அலை. யாழ்ப்பாணத்திலிருந்து கதிர்காமம் போகும் பாதயாத்திரிகர்கள் உகந்தையில் தங்கிக் குமண வனத்துக்குள் நுழைவது அலைப் பருவத்தின் நடுவில்தான். கோவளத்தில் தர்காவும், 1808-ல் எழுந்த கார்மேல் மாதா கோயிலும், மீனவர்களின் அம்மன் கோயில்களும் கூப்பிடு தூரத்தில் இருக்கின்றன. பொத்துவில் வட்டாரத்தில் பள்ளிவாசலும் விகாரையும் கோயிலும். முதலையில்கூட இரண்டும் சமம்: கோவளத்துக்குத் தெற்கே வடநெம்மேலியில் 1976-ல் ரோமுலஸ் விட்டேகர் தொடங்கிய முதலைப் பண்ணை, அறுகம்குடாவில் களப்பில் திரியும் முதலைகள். வேலிக்குள் பார்ப்பதா, படகிலிருந்து பார்ப்பதா என்பதுதான் வித்தியாசம். தமிழ் வாசகருக்கு ஒரு தனி வசதியும் உண்டு. அறுகம்குடாவில் தமிழில் பேசினால் போதும். பொத்துவில் முஸ்லிம்களும் தமிழர்களும் பேசுவது அதுவே, சிங்களவர் பலருக்கும் அது புரியும். கடலில் இறங்கும்போது எச்சரிக்கைகள் தாய்மொழியில் கிடைப்பது சிறிய செய்தி அல்ல.

எச்சரிக்கை என்றதும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இரு கரைகளுக்கும் விருந்து கொண்டுவரும் அதே தென் கடல் நெட்டலைதான், கன்னியாகுமரி, கேரளக் கரைகளில் கள்ளக்கடல் என்ற பெயரில் திடீரென்று ஏறி வருகிறது. 2024 மே மாதம் கன்னியாகுமரி மாவட்டத்து லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்கள் உயிரிழந்தார்கள். அன்று எச்சரிக்கை விடுக்கப்பட்டிருந்தது. வானம் தெளிந்திருக்கும், உள்ளூர்க் காற்றும் ஓய்ந்திருக்கும், ஆறு நாளைக்கு முன் எங்கோ வீசிய புயல் மட்டும் வந்துகொண்டிருக்கும். இந்தியக் கரைக்கு ஹைதராபாத்தின் இன்காய்ஸ் நிறுவனம் நெட்டலை முன்னறிவிப்பு தருகிறது. அதை வாசிக்காமல் கடலில் இறங்க வேண்டாம். சென்னைக் கரையில் உள்ளிழுப்பு நீரோட்டமும் வலுவானது. அறுகம்குடாவில் பாறையில் விழுவதும், மற்றவர் போர்டு மீது மோதுவதும் பெரிய ஆபத்துகள். நீந்தத் தெரியாதவருக்கு எந்தக் கரையும் ஏற்றதல்ல. நீச்சல்தான் அவருடைய முதல் விடுமுறை.

இனி என் தீர்ப்பு. போர்டில் இதுவரை நிற்காதவர் கோவளத்துக்குப் போக வேண்டும். வார நாளில், உள்ளூர்ப் பயிற்றுநரோடு, குறைந்தது ஐந்தாறு காலைகள். நுரையில் தள்ளிவிடாமல் உடையாத அலையைத் தானே பிடித்து, வலப்பக்கம் திரும்பி ஓட வந்துவிட்டால், அதற்குமேல் கோவளத்திலேயே இருப்பது காலத்தை வீணாக்குவது. அவருக்கு அறுகம்குடா, மே மாதத்திலோ செப்டம்பர் பின்பாதியிலோ. குடும்பத்தில் ஒருவர் தேர்ந்தவர், மற்றவர்கள் புதியவர்கள் என்றால் செலவு கூடினாலும் அறுகம்குடாவே மேல். அங்கே எல்லாருக்கும் ஓர் அலை இருக்கிறது. மூன்று நாள் மட்டுமே விடுப்பு உள்ளவர் அறுகம்குடாவை நினைக்கவே வேண்டாம். போக்குவரத்திலேயே இரண்டு நாள் போய்விடும். எந்தக் கரைக்குப் போனாலும் முந்தைய இரவே அலை முன்னறிவிப்பைப் பார்த்துவிட்டு, கச்சான் அடங்குவதற்குள் தண்ணீரில் இறங்கிவிடுங்கள்.